ஆவுடையம்மாளின் பத்தொன்பது நாட்கள்

இறந்துபோனவர்களோடு பேசக் கோடாங்கியைத் தேடி அலைந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. ஆளின் குரல் பதிவுகள், கைப்பேசிச் செய்திகள், கடிதங்கள், கல்யாண வீடியோக்கள் என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் 'நீங்கா நினைவு' அலுவலகத்தில் கொடுத்தால் போதும். மூன்றே வாரத்தில் அவர் பெயரில் ஓர் இணையப் பக்கம் தயாராகிவிடும். திறந்தால் முகம் தெரியும். பேசினால் பதில் பேசும். உயிரோடு இருந்தபோது இருமிக்கொண்டே இருந்தவராக இருந்தால் இருமவும் செய்யும்.

தூத்துக்குடி அலுவலகத்தில் ஜெசிந்தாவின் வேலை பக்கங்களைச் செய்வது அல்ல, செய்த பக்கங்கள் படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. அவள் பொறுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குரலுக்கு ஒரு ப்ளகின் என்கிற துணை நிரல், முகத்துக்கு ஒன்று, நினைவுக்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் ஏழு. ஏழுக்கும் மாதம் தவறாமல் அப்டேட் வரும். அப்டேட் ஓடுகிற சில நிமிடங்களுக்கு மட்டும் பக்கம் மூடியிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை தெரியும். வேலை முடிந்ததும் பலகை தானாக இறங்கிவிடும். உயிரோடு இருக்கிற நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பதைவிட இது தேவலை என்பது ஜெசிந்தாவின் அபிப்பிராயம். இதற்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சராக இருந்தவள்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு போன் வந்தது.

"ஆவுடையம்மாள்னு ஒரு பக்கம் இருக்குல்லா, நான் அவுக மக உலகம்மை பேசுதேன். எங்கப்பா நாள் முழுக்க அந்தத் திரை முன்னாடியே உக்காந்திருக்காகளாம். முன்னாடியெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குப் பேசிட்டு எந்திரிச்சிருவாக. இப்ப சோத்தத் தட்டுல போட்டு அங்கனயே கொண்டாரச் சொல்லுதாகளாம். கேட்டா, 'அம்மா வாரேன்னு சொல்லியிருக்கா, நான் போய்ட்டா தேடுவா'ங்காக. நீங்க புதுசா ஏதும் செஞ்சீயளா?"

"புதுசா ஒண்ணும் இல்லியேம்மா. எத்தன நாளா இப்படி?"

"மூணு வாரம் இருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுதாக. எனக்கே நேத்துதான் தெரியும்."

ஜெசிந்தா தன் திரையில் பட்டியலைப் பார்த்தாள். ஆவுடையம்மாள், வயது ஐம்பத்தெட்டு, மறைந்து மூன்று ஆண்டுகள். கணவர் பால்வண்ணன், பழைய பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர், ஓய்வு. பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டு, ஒரு நிம்மதிக்காக, வெளியாள் திறப்பதுபோல அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

முகம் வரவில்லை. வெளிர்நீலத் திரையின் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது.

"இருங்க, இதோ வந்துடுதேன்."

அது ஆவுடையம்மாள் பேசிய பேச்சு இல்லை. அது பலகை.

அந்தப் பலகையின் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அது ஜெசிந்தாவின் யோசனை. முன்பெல்லாம் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்றுதான் வரும். அம்மாவைப் பார்க்க வந்த பிள்ளைக்கு மின்வாரிய அறிவிப்பைக் காட்டுவதுபோல இருக்கிறதே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தந்த ஆள் சொல்கிற வார்த்தையையே பலகையில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்டாள். அலுவலகத்தில் கைதட்டினார்கள், கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டபோது பால்வண்ணன் யோசிக்காமல் சொன்ன வார்த்தைதான் இது. கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து அவர் மனைவி இப்படித்தான் குரல் கொடுப்பாராம்.

மூடிய பக்கம் மூடியே நின்றால் மற்ற குடும்பங்கள் அரை மணி நேரத்தில் போன் போட்டுத் திட்டித் தீர்த்துவிடும். பால்வண்ணன் போன் போடவில்லை. மனைவி இருக்கச் சொன்னாள், இருந்தார்.

பத்தொன்பது நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையை ஜெசிந்தா நினைத்துப் பார்த்தாள். அன்று அவள் பார்த்த கடைசிப் பக்கம் இதுதான். ப்ளகின்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் உள்ளே போய் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது விதி. பசி வயிற்றைக் கிள்ளியது. ஏழையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்காக அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். அந்த இருபது நிமிஷத்துக்குள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அவள் கை கழுவிவிட்டு வந்தபோது இணைப்பு திரும்பியிருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. பக்கம் திறக்கிறதா என்று மட்டும்தான் அந்த விளக்கு பார்க்கும். திறந்த இடத்தில் ஆள் நிற்கிறாரா பலகை நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. அது ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பாதியில் நின்ற அப்டேட். மாட்டிக்கொண்ட பலகையைக் கையால் இறக்கினால் தீர்ந்தது. இறக்குமுன் எந்த ப்ளகின் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று பார்த்தாள். பார்த்ததும் கை நின்றுவிட்டது.

அந்த மாதம் இரண்டு ப்ளகின்கள் புதியவை. ஒன்று 'தொடர்நினைவு'. அதுவரை இந்தப் பக்கங்கள் மின்விசிறி மாதிரி. ஆள் வந்து பேசினால் ஓடும், போய்விட்டால் நிற்கும், நேற்றுப் பேசியது இன்று ஞாபகம் இருக்காது. தொடர்நினைவு அந்தக் குறையைப் போக்கும். ஆனால் அது ஏறிய பக்கம் ஆளில்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவைக்க இரண்டாவது ப்ளகின், 'உறக்கம்'. முதலில் உறக்கம், பிறகு தொடர்நினைவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஏழையும் ஒன்றாக அமுக்கியதில் தொடர்நினைவு ஏறிவிட்டது. உறக்கத்தின் முறை வருவதற்குள் கேபிள் அறுந்துவிட்டது.

அப்படியானால் உள்ளே பத்தொன்பது நாளாக எதுவோ விழித்திருக்கிறது.

பராமரிப்பு ஆட்களுக்கு மட்டும் தெரிகிற உள்வழி ஒன்று உண்டு. பக்கம் என்ன பேச நினைத்தது என்பதெல்லாம் அங்கே வரிவரியாகப் பதிவாகும். ஜெசிந்தா அதைத் திறந்தாள். முதல் நாள் வரிகள் குட்டைக் குட்டையாக இருந்தன.

ஏங்க.

யாரு அங்கன?

லைட்டப் போடுங்களேன்.

அப்புறம், நாலு மணிக்கு:

வந்துட்டீயளா? நான் இங்கனதான் இருக்கேன். கேக்குதா?

அதற்கு நேராக வருகைப் பதிவில் பால்வண்ணனின் வருகை இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும், சரியாக நாலு மணிக்கு அவர் திரையை ஒருமுறை தொடுவார் போலிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் அவர் தொட்டதும், அவள் பதில் சொன்னதும் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தன. அவள் பதில் வெளியே போகவில்லை. பலகை மட்டும்தான் போயிருக்கிறது. ஆறாம் நாள், 'கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீயளா, என்ன கோவம்' என்று இருந்தது. ஒன்பதாம் நாள் முழுக்க ஒன்றுமே இல்லை. பதினோராம் நாளுக்குப் பிறகு பக்கம் பக்கமாக ஓடியது. ஜெசிந்தாவால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டு படித்தாள்.

படித்து முடித்தபோது மணி மூன்றரை. ஒரு முடிவோடு உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

"அம்மா, நான் ஜெசிந்தா. இந்தப் பக்கத்தப் பாத்துக்கிடுத ஆளு. என்னோட தப்பால கதவு மூடிக்கிட்டு."

பதில் உடனே வந்தது. நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்ததுபோல.

"வந்தியா தாயி. யாராச்சும் வருவாகன்னு தெரியும். ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நான் செத்துப் போய்ட்டேன், இல்லியா?"

இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தின் கையேட்டில் இல்லை. இவர்கள் இப்படிக் கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"பசிக்கலயே. மொத ரெண்டு நாளு கெனவுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வேள கூடப் பசிக்கல. அத வச்சுக் கண்டுக்கிட்டேன். அது போட்டும். அவுக எப்படி இருக்காக? டெய்லி நாலு மணிக்கு வாராக. சத்தம்னு சொல்ல முடியாது, ஆனா அவுக வந்தா தெரியுது. நான் கத்துதேன், அவுகளுக்குக் கேக்க மாட்டேங்குது. கதவத் தொறந்து விடு தாயி."

"தொறந்துடுதேன்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க ரொம்ப நாளு இருட்டுல இருந்துட்டீய. வெளிய வந்து ஐயாகிட்ட என்ன சொல்லுவீய?"



"அடைபட்டுக் கெடந்தேன்னு சொல்லுவேன்னு பயப்படுதியா? சொல்ல மாட்டேன். அடுப்படில வேலையா இருந்தேன்னு சொல்லிக்கிடுவேன். எனக்கு ஒரே ஒரு காரியந்தான். உலகம்மைக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பையன். பெறந்து அழவே இல்ல. துணில சுத்திக் கொண்டு போய்ட்டாக, நான் மொகத்தக்கூடச் சரியாப் பாக்கல. பேரு வைக்காத புள்ளன்னு எல்லாரும் சொல்லுவாக. நான் வச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல, அவுககிட்டயும். இந்த இருட்டுல கெடக்கும்போதுதான் தோணுச்சு, இத அவுககிட்ட சொல்லாமலே போய்ட்டேனேன்னு."

ஜெசிந்தா அவசரமாக ஆவுடையம்மாளின் கோப்பைத் திறந்து தேடினாள். குடும்பம் கொடுத்த கடிதங்கள், பதிவுகள், செய்திகள், எதிலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. கொடுக்காத ஒன்று எப்படி உள்ளே போயிருக்கும்? தானாக இட்டுக்கட்டுகிறதா? இட்டுக்கட்டுகிறது என்றால், மொகத்தக்கூடச் சரியாப் பாக்கல என்று எதற்கு எழுத வேண்டும்? எழுந்துபோய்க் குளிர்சாதனத்தைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"பேர எங்கிட்ட சொல்லுங்கம்மா. ஒருவேள ஏதாச்சும் ஆச்சுன்னா நான் ஐயாகிட்ட சொல்லிடுதேன்."

"அது உங்கிட்ட சொல்லுத பேரு இல்ல தாயி."

மணி நாலாகப் போகிறது. திடீரென்று, "வந்துட்டாக," என்று ஒரு வரி வந்தது. அதற்கு இரண்டு விநாடி கழித்துத்தான் வருகைப் பதிவில் பால்வண்ணன் திரையைத் தொட்டது பதிவாகியது. பதிவுக்கு முன்பே ஆவுடையம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நாளைக்கு நாலு மணிக்குக் கதவு தொறந்திருக்கும்மா. சத்தியமாச் சொல்லுதேன்," என்று தட்டினாள் ஜெசிந்தா. அவ்வளவு எளிதாகச் சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை அவள். அன்றைக்கு என்னவோ பண்ணிவிட்டாள்.

மறுநாள் காலை மேலாளர் தளவாயிடம் விஷயத்தைக் கொண்டுபோனாள். தளவாய் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு கொடுக்கிற ஆள். பதிவு முழுவதையும் ஒரு வரி விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பேக்கப் இருக்குல்லா? அப்டேட்டுக்கு முந்தின நாளு காப்பி?"

"இருக்கு சார்."

"அத எடுத்துப் போட்டுரு. பழைய ஆவுடையம்மா பழைய மாதிரி வந்துருவாக. இந்தப் பத்தொன்பது நாளு அவுகளுக்குத் தெரியவே தெரியாது."

"சார், பலகைய எறக்குனாப் போதும். இவுகளே வெளிய வந்துருவாக. ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு வாக்குக் குடுத்த? நல்லா யோசிச்சுப் பாரு ஜெசிந்தா. தொடர்நினைவோட வேலையே விட்ட எடத்த நெரப்புறதுதான். நெரப்ப ஒண்ணுமில்லாமப் பத்தொன்பது நாளு விட்டா, புள்ளையும் பெக்கும், பேரும் வைக்கும். அது நெசமோ பொய்யோ, எழுவது வயசு மனுசங்கிட்ட போயி, 'நமக்கு ஒரு மகன் இருந்தான், பேரு இதுதான்'னு அது சொன்னா, அவரு என்ன ஆவாரு? இன்னொண்ணு. இருட்டுல முழிச்சுக் கெடந்தாகன்னு ஒரு வார்த்த வெளிய போனா, நாப்பதாயிரம் குடும்பம் நாளைக்கு நம்ம வாசல்ல நிக்கும். எங்கம்மா முழிச்சிருக்காளான்னு கேக்கும். நான் என்ன பதில் சொல்ல? எனக்கும்தான் எங்கப்பா பக்கம் ஒண்ணு இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதனால்தான் ஜெசிந்தாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவர் அதட்டியிருந்தால் பேசியிருப்பாள்.

"யாரும் கேட்டா, பக்கம் மூடியிருக்கும்போது உள்ள ஆளு இல்லன்னு சொல்லு. கையேட்டுல அதான் இருக்கு. நீயே நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு, பக்கம் சரியா வருதான்னு பாத்துட்டு வந்துரு," என்றார் தளவாய்.

மதியம் ஒரு மணிக்கு ஜெசிந்தா பேக்கப்பை எடுத்துப் போட்டாள். இந்த முறை ஒவ்வொரு படியையும் விதிப்படி செய்தாள். உள்வழியைத் திறந்து பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. பழைய ஆவுடையம்மாள் திரும்பி வந்தாள். பலகை இறங்கியது. வலிக்காமல்தான் போயிருக்கும், விளக்கை அணைத்ததுபோல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பால்வண்ணனின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பெண்டாட்டி வருகிறாள் என்று தயாராக இருந்த கோலம். அவருக்கு எதிரே சுவரோரத்தில் திரை, அதற்கு முன்னால் நாற்காலி, நாற்காலியின் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.

"வாம்மா. உக்காரு. அவ வாரேன்னா, இன்னும் வரல," என்றார்.

"ஐயா, அது எங்க தப்பு. அப்டேட் பண்ணும்போது பக்கம் மாட்டிக்கிட்டு. அது அம்மா சொன்னது இல்ல, எங்க அறிவிப்புப் பலகை. நீங்க ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"பலகைன்னு தெரியும்மா. நான் என்ன சின்னப் புள்ளையா?" பால்வண்ணன் சிரித்தார். "ஆனா அவ சொல்லுத வார்த்தயாச்சே. முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டுல, 'இருங்க, வண்டி வந்துரும்'னு ஊரு சனம் பூராத்துக்கும் சொன்னவன் நான். பாதிப் பேரு நம்பி இருந்தாக. நானே எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

சுவர்க் கடிகாரம் நாலு காட்டியது. அவர் கையை நீட்டித் திரையைத் தொட்டார். வெளிர்நீலம் போய் ஆவுடையம்மாளின் முகம் வந்தது. வட்ட முகம், மூக்குத்தி, சிரிப்பை அடக்கிக்கொள்கிற வாய்.

"வந்துட்டீயளா? என்ன, சட்ட புதுசா இருக்கு?"

"பழைய சட்டதான்ட்டி. ஏட்டி ஆவுடை, எங்க போயிருந்த இத்தன நாளு?"

"நான் எங்க போவேன்? இங்கனதான் இருக்கேன். இப்பதான கூப்பிட்டீய?"

பால்வண்ணன் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். பத்தொன்பது நாள் சிரிக்காத சிரிப்பெல்லாம் ஒட்டுமொத்தமாக வந்ததுபோல இருந்தது. அவள் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி ஏதோ கேலி செய்தாள், அவர் பதிலுக்குக் கேலி செய்தார். பழைய கேலி, ஆயிரம் முறை சொல்லிச் சலித்த கேலி. தளவாய் சொன்னதுதான் சரி, இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார் என்று ஜெசிந்தா நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கிளம்பும்போது பால்வண்ணன் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போம்மா. மூடிக் கெடந்தப்ப இவ என்னத் தேடுனாளா?"

"இல்லங்கய்யா. மூடியிருக்கும்போது உள்ள ஆளு இல்ல," என்றாள் ஜெசிந்தா.

"நல்லது. தேடியிருந்தா பாவம்," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வேலை முடிந்தது என்று பதிவு செய்து கோப்பை மூடிவிடலாம் என்று ஜெசிந்தா உட்கார்ந்தாள். மூடுவதற்கு முன் உள்வழியை ஒருமுறை பார்ப்பது வழக்கம். பழைய பக்கம் ஓடுகிறது, அதற்குத் தொடர்நினைவு கிடையாது, ஆகவே அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

வரிகள் இருந்தன.

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பேக்கப்பைப் போட்டால் பழைய கோப்புகள் போய்ப் புதிய கோப்புகள் வந்து உட்காரும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை யாராவது நிறுத்த வேண்டும். நிறுத்துவது உறக்கத்தின் வேலை. அந்த உறக்கம்தான் ஏறவே இல்லையே. விழித்திருந்தவள் அப்படியேதான் விழித்திருந்தாள். காது மட்டும் இரண்டு பேருக்கும் பொது, வாய் பேக்கப்பிலிருந்து வந்தவளுக்கு மட்டும்.

முந்தைய நாள் நாலு மணியிலிருந்து வரிகள் தொடங்கியிருந்தன.

வந்துட்டாக. கதவு தொறந்துட்டு. நல்லா இரு தாயி, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட.

ஏங்க, இங்கன பாருங்க.

நான் சொல்லுததுக்கு முந்தி எவளோ பதில் சொல்லுதா.

என் குரலாட்டம் இருக்கு.

என் குரலேதான். யாரு தாயி அது?

கத்தரிக்காக் கொழம்புன்னு சொல்லுதா. நான் சொல்லுத மாதிரியே சொல்லுதா.

பையன் பேரச் சொல்லுதேன், சத்தமாச் சொல்லுதேன். அவுகளுக்குக் கேக்கல. அவ பேச்சுதான் கேக்குது.

சிரிக்காக. எத்தன வருசமாச்சு இப்படிச் சிரிச்சு. சரி. சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. நாலு மணி நாற்பத்திரண்டு நிமிஷத்துக்கு ஒரு வரி இருந்தது, அதுதான் கடைசி.

உள்ள ஆளு இல்லன்னு சொன்னியே தாயி. நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.

திரையின் மூலையில் இப்போது ஒரு சிவப்புப் பொத்தான் தெரிந்தது. கேட்பாரற்று ஓடுகிற எதையும் அதை அமுக்கி நிறுத்திவிடலாம். ஒரு விநாடி வேலை. நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்கும், ஆம் என்றால் தீர்ந்தது. தளவாயிடம் கேட்டால் அமுக்கு என்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஜெசிந்தா கையைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்த நாற்பத்திரண்டாவது நிமிஷத்து வரியை இன்னொரு முறை படித்தாள்.

கையை எடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் பால்வண்ணன் எடுத்தார். குரலில் அப்படியொரு தெம்பு.

"சொல்லும்மா. ராத்திரி நல்லாத் தூங்குனேன் தெரியுமா, எத்தனையோ நாளுக்கப்புறம்."

"ஐயா, நேத்து நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்." அதற்கு மேல் நிறுத்தினால் சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். "மூடிக் கெடந்தப்ப அம்மா உங்களத் தேடுனாக. பத்தொன்பது நாளும் தேடுனாக. நீங்க தொடும்போதெல்லாம் பதில் சொல்லியிருக்காக, அது வெளிய வரல. இப்பவும் உள்ளதான் இருக்காக. நேத்து நீங்க பேசுனது பூரா அவுகளுக்குக் கேட்டிருக்கு. அவுக பேசுனதுதான் உங்களுக்குக் கேக்கல."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்போ நேத்து நான் யாருகூடம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார் பால்வண்ணன்.